போட்டோவுக்கு வாத்தியார் எதற்கு?

மேற்கு மாம்பலத்தில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்காத வித்தை என்று ஒன்று கிடையாது. பாட்டு, வீணை, மிருதங்கம், ஸம்ஸ்கிருதம், ஹிந்தி, கணக்கு, சதுரங்கம் என்று எதைக் கேட்டாலும் ஒரு வாத்தியார் ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். மாலை ஐந்து மணிக்கு மேல் ஆரிய கௌடா ரோடிலிருந்து பிரியும் எந்தத் தெருவில் நுழைந்தாலும், ஒரு வீட்டு ஸரளி வரிசையும் எதிர்வீட்டு அல்ஜீப்ராவும் நடுத்தெருவில் மோதிக்கொண்டிருக்கும். அதில் யாருக்கும் ஆச்சரியம் கிடையாது. ஆனால் எங்கள் தெருவில் ஓர் அம்மாள், தமது 58-வது வயதில், போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்வதற்காக வாரத்தில் இரண்டு நாள் ஒரு வாத்தியாரை வீட்டுக்கு வரவழைக்கிறார் என்று தெரிந்ததும் தெருவே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

சிரிப்பதோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். அபிப்பிராயம் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்கள். பாங்கியில் அதிகாரியாக இருந்து ரிடயரான ஒருவர், “கையில் போன் இருக்கு. தொட்டால் படம் விழறது. இதுக்கு வாத்தியார் எதுக்கு ஸார்?” என்று என்னையே கேட்டார். இன்னொருவர் சங்கீத ரஸிகர். “பாட்டு வித்தை, ஒத்துக்கறேன். போட்டோ என்ன வித்தை? யந்திரம் செய்யற காரியந்தானே?” என்றார். மூன்றாமவர் ஒரு மாமி. “இந்த வயசில் கத்துண்டு என்ன பண்ணப்போறா? கல்யாணத்துக்குப் போட்டோ எடுத்து சம்பாதிக்கப்போறாளா?” என்றார்.

மூன்று பேருக்கும் நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. மாம்பலத்தில் நடுத்தெருவில் நின்று பேசினால் மாடு முட்டும், ஆட்டோ இடிக்கும். அதனால் இங்கே சொல்லுகிறேன். நான் அந்த அம்மாளின் கட்சி.

முதலாவது ஆட்சேபணை புதியதல்ல. 1888-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்பவர் கோடக் என்று ஒரு பெட்டிக் காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்குச் சுருள். எடுத்து முடித்ததும் பெட்டியை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும்; அவர்கள் கழுவி, அச்சடித்து, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அமுக்குவது மட்டுமே உங்கள் வேலை, பாக்கியெல்லாம் எங்கள் பொறுப்பு என்பதுதான் அவர்கள் செய்த விளம்பரத்தின் சாரம். நல்ல வியாபாரம். ஜனங்களுக்கும் உபகாரம். அதற்கு முன்னால் போட்டோ என்றால் கண்ணாடித் தட்டும் ரசாயனமும் முக்காலியும் சுமக்க வேண்டியிருந்தது. ஆனால் சாமான் விற்பவர் சொன்னதை நாம் ஒரு சாஸ்திரமாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம். ரிடயரான பாங்கி அதிகாரி தமது சொந்த அபிப்பிராயம் என்று நினைத்துக்கொண்டு பேசியது, ஒன்றே கால் நூற்றாண்டுக்கு முந்திய ஒரு வியாபாரியின் வாக்கு.

யந்திரம் தானே எல்லாம் செய்யும் என்கிறார்களே, அது என்னதான் செய்கிறது என்று பார்ப்போம்.

காமிராவுக்குள் வெளிச்சத்தை அளக்க ஒரு மானி இருக்கிறது. அதற்கு இது வேஷ்டி, இது கருங்கல் என்றெல்லாம் தெரியாது. உலகத்தில் உள்ள சகலமும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்பது அதன் சித்தாந்தம். வெளுத்த வேஷ்டியைப் படம் முழுவதும் நிறைகிற மாதிரிக் காட்டினால், ‘வெளிச்சம் ஜாஸ்தி’ என்று தீர்மானித்துக் குறைத்துவிடும். வேஷ்டி அழுக்காக வரும். கோவிலில் எண்ணெய் ஏறின கருங்கல் தூணைக் காட்டினால், ‘வெளிச்சம் போதாது’ என்று ஏற்றிவிடும். தூண் சாம்பல் பூசியதுபோல் வெளுத்து வரும். இன்றைய செல்போன்கள் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக ஊகம் செய்கின்றன. ஊகம் ஊகந்தான். வெள்ளையைக் கண்டால் மானி சொல்வதைவிடக் கூடுதலாக வெளிச்சம் கொடு, கறுப்பைக் கண்டால் குறை என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஒருவர் வேண்டும். சொன்ன மாத்திரத்தில் புரிந்துவிடும். சொல்லாவிட்டால், வேஷ்டி ஏன் அழுக்காக வருகிறதென்று பத்து வருஷம் சோப்பை மாற்றிக்கொண்டிருப்போம்.

வேஷ்டி போனால் போகட்டும். முகத்துக்கு வருவோம். விஷயம் இங்கேதான் கசக்க ஆரம்பிக்கிறது.

கலர் பிலிம் பரவிய காலத்தில் கோடக் கம்பெனி, படம் அச்சடிக்கும் கடைகளுக்கு ஒரு மாதிரிப் படத்தை அனுப்பிவைத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அந்த அட்டைக்கு ‘ஷெர்லி’ என்று பெயர். அவள் மேனி சரியாக வந்தால் நிறம் சரி என்று அர்த்தம். மற்ற நிறத்து மனிதர்கள் அந்த அளவுகோலில் எப்படி வந்தார்களோ அப்படி வந்தார்கள். பழுப்பு நிறங்களை நன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்ற முயற்சி கம்பெனியில் பிற்பாடு மும்முரமானதற்கு ஒரு காரணம், தங்கள் சரக்கு விளம்பரங்களில் சரியாக விழவில்லை என்று சாக்லேட் தயாரிப்பவர்களும் மர நாற்காலி மேஜை செய்பவர்களும் செய்த புகார் என்று அங்கேயே வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மனிதர்களுக்காக அசையாதது சாக்லேட்டுக்காக அசைந்தது.

நம் ஊர் ஸ்டூடியோக்கள் மட்டும் யோக்கியமா? பெண்ணின் போட்டோ பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் நெகடிவின் மேல் கூர்மையான பென்சிலால் தடவித் தடவி முகத்தை நிரவுவார்கள். மாநிறம் சிவப்பாகும், சிவப்பு பளிங்காகும். பெண்ணை நேரில் பார்க்க வந்தவர்கள் போட்டோவையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்த வீடுகள் இந்தப் பேட்டையில் எத்தனையோ. அன்றைக்கு அந்தக் காரியத்தைச் செய்ய ஓர் ஆள் வேண்டியிருந்தது. காசு கொடுத்துச் சொன்னால்தான் செய்வார். இன்றைக்குப் பல போன்களில் யாரும் கேட்காமலே அது நடந்துவிடுகிறது. முகத்தைக் கண்டதும் சுருக்கத்தை நிரவுகிறது, மச்சத்தை அழிக்கிறது, கறுப்பை ஒரு மாற்று வெளுக்கிறது. எண்பது வயதுப் பாட்டிக்கு முகம் மைதா மாவுப் பதுமை மாதிரி வருகிறது. நாம் ‘ஆஹா, என்ன தெளிவு!’ என்கிறோம்.

இதைத்தான் அந்த ரிடயரான அதிகாரி கவனிக்க வேண்டும். வாத்தியார் இல்லாமல் யாரும் போட்டோ எடுப்பதில்லை. வீட்டுக்கு வரும் வாத்தியாரை வேண்டாம் என்று சொல்கிறவர்களுக்குப் போனுக்குள் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். நம் பாட்டியை அவர் பார்த்தது கிடையாது. முகம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கேயோ ஒரு கம்பெனியில் தீர்மானமாகிவிட்டது. அதை நம் வீட்டுக் கூடத்தில் நமக்குத் தெரியாமலே போதித்துக்கொண்டிருக்கிறார். அவரைவிட, ஸ்கூட்டரில் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்து, ‘பாட்டி முகத்தில் உள்ள கோடுகள் எங்கே அம்மா?’ என்று கேட்கிற மனிதர் மேல் என்பது என் கட்சி.

சங்கீத ரஸிகருக்கு வருகிறேன். யந்திரம் செய்கிற காரியம் வித்தையாகுமா என்பது அவர் கேள்வி. வீணையும் ஒரு யந்திரந்தான் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அதனால் சரித்திரத்தைச் சொல்லுகிறேன். சென்னையில் 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஓர் ஓவியப் பள்ளி ஆரம்பித்தார். இன்றைக்கு அரசு கவின்கலைக் கல்லூரி என்று நடப்பது அதுதான். போட்டோக் கலைக்குக் குழந்தைப் பருவமான அந்தக் காலத்திலேயே அங்கே அதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 1857-ல் இந்த நகரத்தில் போட்டோக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. மதராஸ் சர்க்கார் தனக்கென்று அமர்த்திக்கொண்ட காப்டன் லின்னேயஸ் டிரைப், 1858-ல் தஞ்சைப் பெரிய கோவில் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒவ்வொரு துண்டிலும் வெளிச்சம் ஒத்துப்போக வேண்டும்; எழுத்தின் குழிவு தெரிய வேண்டும். பொத்தான் அதைச் செய்யாது.

வீட்டிலேயே கற்றவர்கள் கதையும் உண்டு. திரிபுரா மகாராஜா வீரசந்திர மாணிக்யா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தம் ராணி மன்மோகினிக்கு அரண்மனையிலேயே போட்டோக் கலையைச் சொல்லிக்கொடுத்தார். ராஜா வீட்டு விஷயம், நமக்கு வேண்டாம் என்பீர்கள். சரி. காசிக்கு அருகே ராம்நகரில் வினோத் பிஹாரி சென் ராய் என்று ஒரு தகப்பனார் இருந்தார். 1919-ல் பிறந்த தம் இரட்டைப் பெண்கள் தேபலீனா, மனோபீனா இருவருக்கும் பன்னிரண்டு வயதில் ஆளுக்கொரு காமிரா வாங்கிக் கொடுத்து, வீட்டிலேயே இருட்டறை அமைத்துக் கற்பித்தார். தபால் மூலம் அங்கத்தினர்கள் ஒருவர் படத்தை ஒருவருக்கு அனுப்பிக் குற்றங்குறை எழுதுகிற ஒரு சங்கத்தில் இரண்டு பெண்களும் சேர்ந்தார்கள். மனோபீனா பிற்பாடு சினிமா டைரக்டர் பிமல் ராயின் மனைவியானார், காமிராவை விடவில்லை. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று போற்றப்படும் ஹோமாய் வியாரவாலா 1913-ல் பிறந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர், பின்னால் கணவரான மானெக்‌ஷா. ஆரம்பத்தில் ஹோமாய் எடுத்த படங்கள் மானெக்‌ஷாவின் பெயரில்தான் அச்சாயின. 2011-ல் சர்க்கார் அவருக்கே பத்ம விபூஷண் கொடுத்தது.

ஒரு ஒற்றுமையைக் கவனியுங்கள். ராஜாவானாலும் தகப்பனாரானாலும் புருஷனானாலும், சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஓர் ஆண் மனசு வைத்தபோதுதான் இந்தப் பெண்கள் கையில் காமிரா ஏறியது. அப்படி ஒருவர் வீட்டில் வாய்க்காத பெண் என்ன செய்வாள்? அவளுக்காகத்தான் சம்பளத்துக்கு வரும் வாத்தியார். யார் தயவையும் எதிர்பார்க்காமல், தன் பென்ஷன் காசில் தனக்கென்று ஒருவரை அமர்த்திக்கொண்டு கற்பதில் உள்ள கௌரவம், தகப்பனார் வாங்கிக்கொடுத்த காமிராவில்கூட இல்லை.

இந்த இடத்தில் கெட்டிக்கார வாசகர் ஒருவர் எழுந்து, “மயிலாப்பூர் மா. கிருஷ்ணனுக்கு எந்த டியூஷன் வாத்தியார் வந்தார்?” என்று கேட்பார். நல்ல கேள்வி. நாவலாசிரியர் அ. மாதவையாவின் குமாரர் கிருஷ்ணன். காட்டு மிருகங்களையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைத் தாமே சேர்த்து ஒரு கனத்த காமிராவை உண்டாக்கி, ‘சூப்பர் பாண்டரோஸா’ என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் 1950-ல் தொடங்கி 1996-ல் மறைகிறவரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். அவர் தாமே கற்றவர் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் யானைக்கும் அணிலுக்கும் எதிரே மணிக்கணக்கில் அசையாமல் உட்காரவும், தம் படத்தைத் தாமே தயவு தாட்சண்யமில்லாமல் தள்ளவும் பழகியவர் அவர். எதிர்வீட்டு மாடியில் குயில் கூவினால் இரண்டு நிமிஷம் சும்மா நின்று கேட்க முடியாத நமக்கு, கிருஷ்ணனை உதாரணம் காட்ட என்ன உரிமை? ஆயிரத்தில் ஒருவர் ஆற்றில் விழுந்து நீந்தக் கற்பார். மற்ற 999 பேருக்கு இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டத்தான் வேண்டும்.

நிற்க. என் கட்சிக்குள்ளேயும் எனக்குச் சண்டை உண்டு.

வீட்டுக்கு வரும் போட்டோ வாத்தியார்களில் ஒரு ஜாதி இருக்கிறது. முதல் நாளே ஒரு பட்டியலோடு வருவார்கள். இந்தக் காமிரா போதாது, அந்த லென்ஸ் வேண்டும், முக்காலி வேண்டும், பிளாஷ் வேண்டும், தோள்பை வேண்டும். பிறகு காமிராவில் உள்ள பொத்தான்களை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். எட்டு வகுப்பில் பொத்தான்கள் தீர்ந்துவிடும். ‘கோர்ஸ் முடிந்தது’ என்று ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். காமிராவோடு வரும் சின்னப் புஸ்தகம் செய்கிற வேலையைச் செய்ய ஒரு மனிதர் எதற்கு? ஹார்மோனியக் கட்டைகளை எண்ணிக் காட்டிவிட்டுச் சங்கீதம் முடிந்தது என்று சொல்வது போலத்தான் இது.

வரவழைக்கும் வீடுகளும் லேசுப்பட்டவை அல்ல. ஒரு காலத்தில் பெண்ணுக்கு நாலு கீர்த்தனை சொல்லிவைத்தது பிள்ளை வீட்டார் வரும் தினத்துக்காக. சொஜ்ஜி பஜ்ஜியோடு பாட்டும் ஒரு பதார்த்தம். கல்யாணம் ஆனதும் வீணை பரணுக்குப் போகும். இன்றைக்குப் பையன் பெயருக்குப் பக்கத்தில் எழுத ஒரு வரி வேண்டும் என்று போட்டோ வாத்தியாரை அமர்த்துகிறார்கள். நீச்சல், கராத்தே, போட்டோகிராபி. பத்தாவது பரீட்சை நெருங்கினால் முதலில் நிற்பது இதுதான். இவர்களிடம் எனக்கு அனுதாபம் இல்லை. காசு அவர்களுடையது, கரியும் அவர்களுடையது.

நல்ல வாத்தியார் எப்படி இருப்பார் என்பதற்கு எங்கள் தெரு அம்மாளிடம் வருபவரையே சொல்லுகிறேன். வந்த முதல் நாள், ‘ஒன்றும் வாங்காதீர்கள்; கையில் உள்ள போனே ஆறு மாதத்துக்குப் போதும்’ என்றாராம். முகத்தை நிரவுகிற வசதியை நிறுத்திவைத்தார். பிறகு வீட்டில் எத்தனை ஜன்னல் என்று கேட்டார். எங்கள் பேட்டையில் முற்றம் வைத்த வீடுகள் அநேகமாகப் போய், அடுக்கு மாடிகள் வந்துவிட்டன. எதிர்ச்சுவர் ஆறடி தூரத்தில். அந்த அம்மாள் வீட்டில் வானம் தெரிகிற ஜன்னல் ஒன்றே ஒன்றுதான், அதற்கும் கம்பி. அதன் பக்கத்தில் ஒரு பித்தளைக் கூஜாவை வைத்து, காலை 7 மணிக்கும் நண்பகலிலும் மாலை 5 மணிக்கும் எடுக்கச் சொன்னார். ஒரு மாதம் அதே கூஜா! ஜன்னலுக்கு எதிரே நேராக வைத்தால் பண்டம் தட்டையாகிவிடுகிறது, பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் உருண்டை தெரிகிறது, இரண்டடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் சட்டென்று சரிகிறது என்று அந்த அம்மாள் கூஜாவிடம் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மனிதர்கள்.

இன்னொரு விஷயம். இங்கிலீஷ் புஸ்தகங்களில் சாயங்காலப் பொன்வெயிலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் ஊரில் சூரியன் சாய்ந்து சாய்ந்து, போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு இறங்குகிறது. 13 டிகிரி அட்சரேகையில் உள்ள சென்னையில் அது கிணற்றில் விழுந்த வாளி மாதிரி இறங்கும். புஸ்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் இருட்டிவிடும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளைச் சூரியன் அநேகமாகத் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது வெளியில் ஒருவரை நிறுத்தி எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் விழும். இந்த ஊர் வெயிலில் காய்ந்த ஒருவர்தான் இந்த ஊர் வெயிலைச் சொல்லிக்கொடுக்க முடியும். வீட்டுக்கு வரும் வாத்தியாருக்கு அந்த லாபமும் உண்டு. நம் ஜன்னல் எந்தத் திசை என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது அந்த மாமியின் கேள்வி: இந்த வயதில் கற்று என்ன செய்யப்போகிறார்?

அந்த அம்மாளின் மாமியாருக்கு வயது 88. நாற்பது வருஷத்து ஆல்பங்களை அவர்கள் வீட்டில் பார்த்தேன். அத்தனையும் கல்யாணம், சீமந்தம், கிருகப்பிரவேசம். படம் எடுத்தவர்கள் எல்லாரும் ஆண்கள். மாமியார் எங்கேயாவது வரிசையின் ஓரத்தில் பாதித் தோளோடு நிற்கிறார். மருமகள் தாம்பாளத்தோடு குறுக்கே போகிறார். நாற்பது வருஷம் அந்த வீட்டை நடத்திய இரண்டு பெண்மணிகளும் தங்கள் வீட்டில் இருந்ததற்கே சரியான சாட்சி இல்லை. இப்போது மருமகள் மாமியாரைப் படம் எடுக்கிறார். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கிழவி புளிக்குக் கொட்டை எடுக்கிறார். விரல்கள் கோணியிருக்கின்றன, முகத்தில் ஆயிரம் கோடுகள், கம்பியின் நிழல் புடைவையில் விழுந்திருக்கிறது. முன்பு போன் மழுமழுவென்று வழித்துக்கொடுத்த முகத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் யாரோ ஒரு கிழவி இருந்தார். இதில்தான் அந்த மாமியார் இருக்கிறார். இதனால் சம்பாத்தியம் உண்டா என்று கேட்டால், கிடையாது. இன்னும் இரண்டு வருஷம் கழித்துக் கற்றுக்கொள்ளலாமே என்று கேட்டால், கிழவிக்கு 88 என்று சொன்னேனே, கவனிக்கவில்லையா?

மனிதர்கள் மட்டுமல்ல, ஊரும் அப்படித்தான் போகிறது. மாம்பலத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. 1920-களில் தியாகராயநகரை உண்டாக்கத் தொடங்கியபோது ஏரியை வடித்தார்கள். லேக் வியூ ரோடு என்று பெயர்ப்பலகை மட்டும் மிச்சம். நான் பார்த்த வீட்டு ஆல்பம் எதிலும் அந்த ஏரி கிடையாது. அதேபோல்தான் கிணற்றடியும் திண்ணையும் பத்துக் குடித்தனம் ஒண்டிய ஸ்டோர் வீடுகளும் போயின. தினமும் கண்ணில் படுவதைப் படம் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றச் செய்வதுதான் வாத்தியாரின் வேலையில் பாதி.

வீட்டுப் பாடம் வீட்டோடு நிற்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதம் ஆனதும் மாணாக்கரை வாத்தியார் தெருவுக்கு அழைத்துப் போக வேண்டும். அங்கே முதல் பாடம், கேட்டுவிட்டு எடுப்பது. அயோத்தியா மண்டபத்துப் பக்கம் கறிகாய் விற்கிறவள் நம் கலைக்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அவளுக்குப் பெயர் உண்டு, வியாபாரம் உண்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டு.

போட்டோ என்பது மாம்பலத்து மாடிவீட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்கும் தாய்க்குப் பிறந்த எம். பழனிகுமார், 2013-ல் கடன் வாங்கித் தம் முதல் காமிராவை வாங்கினார். மலக்குழியில் இறங்கிச் சாகிற தொழிலாளர்களின் குடும்பங்களைப் படம் எடுத்து நாட்டுக்குக் காட்டியவர் அவர். தாம் கற்றதோடு நிற்காமல் வடசென்னை வியாசர்பாடியிலும் நாகப்பட்டினத்து மீனவர்களிடையிலும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். துப்புரவுத் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகள் தங்கள் தெருவைத் தாங்களே எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் யாரும் ‘போன் இருக்கும்போது வாத்தியார் எதற்கு’ என்று கேட்டதாகத் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் கிடைப்பதன் அருமை, கிடைக்காதவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒரு சண்டை. இது தெருவோடு அல்ல, வாத்தியாரை வரவழைக்கும் எல்லா வீடுகளோடும். பாட்டு வாத்தியார் வந்தால் “வாங்கோ, உட்காருங்கோ” என்கிறோம். விஜயதசமிக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேஷ்டி வைத்துக் கொடுக்கிறோம். போட்டோ வாத்தியார் வந்தால், “வந்துட்டியாப்பா? காத்தாடி போட்டுக்கோ” என்கிறோம். கல்யாண மண்டபத்தில் ‘ஏய் போட்டோ, இந்தப் பக்கம் வா’ என்று கூப்பிட்டுப் பழகிய நாக்கு அது. சம்பளத்தில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் வேறு. பார்க்கக் கற்றுக்கொடுப்பவருக்குப் பாடக் கற்றுக்கொடுப்பவரைவிடக் குறைந்த நாற்காலி எதற்கு? அவரையும் ‘நீங்கள்’ என்று சொல்லுங்கள். விஜயதசமித் தட்டை அவருக்கும் நீட்டுங்கள்.

எடுத்த படங்களில் மாதம் ஒன்றையாவது கடையில் கொடுத்து அச்சடியுங்கள். போனில் உள்ள படம் போனோடு போய்விடும். காகிதத்துக்குப் பின்புறம் யார், எங்கே, எந்தத் தேதி என்று பென்சிலால் எழுதிவையுங்கள். எடுத்தவர் பெயரையும் எழுதுங்கள்.